ஐயமும் சான்றும்: விரைவு ரேடியோ வெடிப்பு ஆய்வின் வரலாறு (2007–2022)

ஆய்வுச்சுருக்கம்

ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே நீடித்து மறையும் வலிமைமிக்க ரேடியோ அலைத் துடிப்புகளை வானியலாளர் விரைவு ரேடியோ வெடிப்புகள் என வழங்குகின்றனர். 2007ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட முதல் வெடிப்பு உண்மையிலேயே விண்ணிலிருந்து வந்ததுதானா என்னும் ஐயம் பல ஆண்டுகள் நீடித்தது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பதிவான ‘பெரிட்டன்’ என்னும் போலித் துடிப்புகள் அந்த ஐயத்தை வலுப்படுத்தின. அவற்றின் மூலம் ஒரு நுண்ணலை அடுப்பு என்பது 2015இல் தெரியவந்தது. இந்நிகழ்வு இன்று பெரும்பாலும் நகைச்சுவைத் துணுக்காகவே நினைவுகூரப்படுகிறது. காலவரிசையில் வைத்துப் பார்க்கும்போது அது வேறு பொருள் தருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: ரேடியோ வானியல், விரைவு ரேடியோ வெடிப்பு, பெரிட்டன், பிரிகை அளவு, பார்க்ஸ், அரெசிபோ, காந்த விண்மீன்.

முன்னுரை

அறிவியல் வரலாற்றில் ஒரு கண்டுபிடிப்புக்கு ஒரு நாளைக் குறிப்பது வழக்கம். விரைவு ரேடியோ வெடிப்புகளைப் பொறுத்தவரை அத்தகைய நாளைக் குறிப்பது எளிதன்று. முதல் துடிப்பு தொலைநோக்கியில் பதிவான ஆண்டு 2001. அது தரவுக் குவியலிலிருந்து மீட்கப்பட்டு அறிவிக்கப்பட்ட ஆண்டு 2007. அதனையொத்த துடிப்புகள் ஒரு தொகுதியாகக் கிடைத்து இவ்வகைக்குப் பெயர் வழங்கிய ஆண்டு 2013. ஒரு வெடிப்பு எந்த விண்மீன் மண்டலத்திலிருந்து வந்தது என்பது ஐயமற நிறுவப்பட்ட ஆண்டு 2017. இவற்றுள் எதனைக் கண்டுபிடிப்பு எனக் கொள்வது என்பது, எதனைச் சான்று எனக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. இக்கட்டுரை அந்த வினாவை முன்னிறுத்தியே இத்துறையின் முதல் பதினைந்து ஆண்டுகளை அணுகுகிறது.

பிரிகை என்னும் அளவுகோல்

இத்துறையின் வாதங்கள் அனைத்தும் ஓர் இயற்பியல் விளைவைச் சுற்றியே அமைகின்றன. விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளி முற்றிலும் வெறுமையானதன்று. அங்குக் கட்டற்ற மின்னணுக்கள் மிக அரிதாகப் பரவியுள்ளன. ரேடியோ அலை அவற்றினூடே வரும்போது உயர் அதிர்வெண் பகுதி முந்தியும் தாழ் அதிர்வெண் பகுதி பிந்தியும் வந்து சேரும். இத்தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். இதுவே பிரிகை. வழியில் எதிர்ப்பட்ட மின்னணுக்களின் மொத்த அளவைக் குறிக்கும் எண் பிரிகை அளவு எனப்படும். மின்னணுச் செறிவு தெரிந்த திசையில் இவ்வெண்ணைக் கொண்டு தொலைவை மதிப்பிடலாம்.

1967ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல், 1.337 நொடிக்கு ஒருமுறை துடித்த முதல் பல்சாரைக் கண்டறிந்தபோதும் இந்த விளைவே உதவியது. துடிப்பில் பிரிகை காணப்பட்டதால், அதன் மூலம் பூமிக்கு வெளியே, நம் பால்வெளி மண்டலத்துக்குள் இருக்கிறது என்று அவரும் ஆண்டனி ஹூயிஷும் முடிவுசெய்ய முடிந்தது. பல்சார் திரும்பத் திரும்பத் துடிக்கும். எனவே ஐயமுற்றவர் மறுநாளும் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஒருமுறை தோன்றி மறையும் துடிப்புக்கு அந்த வாய்ப்பில்லை.

அத்தகைய துடிப்புகளைத் தேடும் முயற்சி 2007க்கு முன்பே இருந்தது. வெடித்தழியும் சிறு கருந்துளைகள் ரேடியோ துடிப்பை உமிழக்கூடும் என 1977இல் மார்ட்டின் ரீஸ் எழுதினார். 1980இல் லின்ஸ்காட், எர்க்ஸ் ஆகிய இருவரும் எம்87 என்னும் விண்மீன் மண்டலத்திலிருந்து மில்லிநொடித் துடிப்புகள் வந்ததாக அறிவித்தனர். பிறர் முயன்றபோது அவை கிட்டவில்லை; அறிவிப்பு மெல்ல மறக்கப்பட்டது. லோரிமர் வெடிப்பின் வரவேற்பை மதிப்பிடும்போது இந்த முன்னிகழ்வை நினைவிற்கொள்ள வேண்டும். தனித்துடிப்பு ஒன்றை நம்பி ஏமாறலாகாது என்னும் எச்சரிக்கை இத்துறையில் முன்பே வேரூன்றியிருந்தது.

லோரிமர் வெடிப்பு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1961 முதல் இயங்கிவரும் பார்க்ஸ் தொலைநோக்கியின் கிண்ணம் 64 மீட்டர் விட்டமுடையது. அதில் பின்னர்ப் பொருத்தப்பட்ட வாங்கி வானின் பதின்மூன்று புள்ளிகளை ஒரே நேரத்தில் நோக்க வல்லது. 2001இல் மெகல்லன் முகில்களில் பல்சார்களைத் தேடுவதற்காக இக்கருவியால் திரட்டப்பட்ட தரவு, சில ஆண்டுகளுக்குப்பின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டங்கன் லோரிமரின் வழிகாட்டுதலில் மறுபடி ஆராயப்பட்டது. அப்பணியில் ஈடுபட்ட இளநிலை மாணவர் டேவிட் நார்கெவிக், சிறிய மெகல்லன் முகிலிலிருந்து ஏறத்தாழ மூன்று பாகை விலகிய ஓரிடத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு துடிப்பைக் கண்டார்.

அது 5 மில்லிநொடிக்கும் குறைவாகவே நீடித்தது. ஆயினும் வாங்கியின் ஒரு புள்ளியைத் திணறடிக்கும் அளவு வலிமையுடன் இருந்தது. அதன் பிரிகை அளவு 375. அத்திசையில் பால்வெளியின் மின்னணுக்கள் இதில் மிகச் சிறு பகுதியையே விளக்கும். எஞ்சியது பால்வெளிக்கு அப்பாலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதே லோரிமர், மேத்யூ பெய்ல்ஸ், மாரா மெக்லாக்லின், நார்கெவிக், ஃப்ரோன்ஃபீல்டு கிராஃபோர்ட் ஆகியோர் 2007இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரையின் முடிவு. அதே இடத்தை மேலும் 90 மணி நேரம் நோக்கியும் இரண்டாவது துடிப்பு கிடைக்கவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் பதிவுசெய்தனர்.

இங்கு ஓர் இடைக்குறிப்பு பொருந்தும். கட்டுரை வெளியான சில வாரங்களிலேயே ரஷ்ய வானியலாளர்களான போப்போவும் போஸ்ட்னோவும், மிகக் கடுமையான காந்தப்புலமுடைய நியூட்ரான் விண்மீன்களின் பெருவெடிப்புகளே இதற்குக் காரணமாகலாம் என முன்மொழிந்தனர். பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின் கிடைத்த சான்று அத்திசையையே காட்டியது. சரியான கருதுகோள் தொடக்கத்திலேயே இருந்தும் துறை முன்னேறவில்லை. அன்று தட்டுப்பாடு விளக்கங்களுக்கு இல்லை. விளக்கவேண்டிய பொருள் உண்மையில் உள்ளதா என்பதே தெளிவாகவில்லை.

பெரிட்டன்கள்

அத்தெளிவின்மையைப் பெருக்கியது 2011இல் சாரா பர்க்-ஸ்போலாரும் பிறரும் வெளியிட்ட ஆய்வு. பார்க்ஸின் பழைய தரவுகளில் லோரிமர் வெடிப்பைப் போலவே தோன்றும் 16 துடிப்புகளை அவர்கள் கண்டனர். உயர் அதிர்வெண்ணில் தொடங்கித் தாழ் அதிர்வெண்ணுக்கு இறங்கும் அதே சாய்வு. பலவற்றில் அதே அளவு தாமதம். லோரிமர் வெடிப்பு வாங்கியின் அலைப்பட்டையைக் கடக்க ஏறத்தாழ 0.36 நொடி எடுத்தது. இத்துடிப்புகளில் பலவும் அம்மதிப்பின் அருகிலேயே குவிந்திருந்தன.

வேறுபாடும் இருந்தது. இவை பதின்மூன்று புள்ளிகளிலும் ஒருசேரப் பதிவாகியிருந்தன. தொலைவிலுள்ள ஒரு விண்பொருளின் ஒளி கருவியின் ஓரிரு புள்ளிகளில் மட்டுமே விழும். எல்லாப் புள்ளிகளிலும் விழுவது அருகிலிருந்து, பக்கவாட்டில் கசிந்து வருவதாகவே இருக்கவேண்டும். மேலும் இவை பகல் நேரத்திலேயே தோன்றின. எனவே இவை பூமியில் எழுந்தவை என்று அக்கட்டுரை 2011லேயே முடிவுசெய்துவிட்டது. அவற்றுக்குச் சூட்டப்பட்ட பெயரும் அந்தத் தெளிவைக் காட்டுகிறது. பெரிட்டன் என்பது போர்ஹெஸின் கற்பனை விலங்குத் தொகுப்பில் வரும் உயிரி. மானும் பறவையும் கலந்த உருவமுடைய அதன் நிழல் மனித நிழலாக விழும். வானத்துப் பொருள்போல் தோன்றி மனிதச் செயலின் நிழலைக் காட்டும் துடிப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அரிது.

பெரிட்டன்கள் பூமியில் எழுந்தவை என்பது தெரிந்தபின்பும் சிக்கல் தீரவில்லை, கூடியது எனலாம். லோரிமர் வெடிப்பு விண்ணிலிருந்து வந்தது என்பதற்கு இருந்த முதன்மைச் சான்று அதன் பிரிகை. பூமியிலுள்ள ஏதோவொன்று அதே பிரிகையைப் போலியாக உருவாக்க முடியுமெனில், அச்சான்றின் வலிமை குன்றுகிறது. 2012இல் பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியேற்ற மஞ்சரி பாக்சி, நீவஸ், மெக்லாக்லின் ஆகியோர் பார்க்ஸின் மற்றொரு பெருந்தரவைத் துருவினர். பெரிட்டன் போன்ற நான்கு நிகழ்வுகள் கிடைத்தன. லோரிமர் வெடிப்பை ஒத்தது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மழை, மின்னல் ஆகியவற்றுக்கும் அந்நான்கிற்கும் தொடர்பில்லை என்பதால் மின்னலே காரணம் என்ற கருத்தும் பலவீனமடைந்தது. லோரிமர் வெடிப்பு தொலைதூர விண்பொருள் வகையைச் சேர்ந்ததாக இருப்பது ஐயத்துக்குரியது என்றே அக்கட்டுரை கருதியது. லோரிமர் வெடிப்பை அறிவித்த ஐவருள் ஒருவரான மெக்லாக்லின் இக்கட்டுரையிலும் இணையாசிரியர் என்பது கவனத்திற்குரியது. தம் கண்டுபிடிப்புக்கு எதிரான சான்றைத் தாமே திரட்டி வெளியிடும் ஆய்வு ஒழுக்கத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஐயம் நீங்கிய வரிசை

திருப்பம் 2013இல் நேர்ந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் முனைவர்பட்ட ஆய்வாளர் டான் தார்ன்டனும் குழுவினரும் பார்க்ஸ் தரவுகளிலிருந்து நான்கு புதிய வெடிப்புகளை அறிவித்தனர். அவற்றின் பிரிகை அளவுகள் 553 முதல் 1103 வரை விரிந்திருந்தன. பெரிட்டன்களைப்போல் ஒரு மதிப்பில் குவியவில்லை. முழு வானிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் வெடிப்புகள் நிகழக்கூடும் என்று அவர்கள் மதிப்பிட்டனர். விரைவு ரேடியோ வெடிப்பு என்னும் பெயர் இக்கட்டுரையிலிருந்தே வழக்குப்பெற்றது. ஒற்றை நிகழ்வாக இருந்தது ஓர் இனமாக மாறியது இங்குதான்.

ஆயினும் அதுவரை கிடைத்த அனைத்தும் ஒரே தொலைநோக்கியின் பதிவுகள். பார்க்ஸ் வளாகத்துக்கே உரிய ஏதோவொரு கோளாறு என்னும் எதிர்வாதத்துக்கு இன்னும் இடமிருந்தது. 2014இல் லாரா ஸ்பிட்லரும் பிறரும், போர்ட்டோ ரிக்கோவின் 305 மீட்டர் அரெசிபோ தொலைநோக்கியில் 2012 நவம்பர் 2 அன்று பதிவான ஒரு வெடிப்பை வெளியிட்டபோது அவ்வாதம் வலுவிழந்தது. வேறொரு கண்டத்திலுள்ள வேறொரு கருவி சாட்சி சொல்லிவிட்டது.

இதன்பின்னரே நுண்ணலை அடுப்பு காட்சிக்கு வருகிறது. ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில் அப்போது முனைவர்பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த எமிலி பெட்ராஃபும் குழுவினரும், பார்க்ஸில் 2014 டிசம்பரில் நிறுவப்பட்ட இடையூறு கண்காணிப்புக் கருவியின் பதிவுகளை ஆராய்ந்தனர். 2015 ஜனவரியில் மூன்று பெரிட்டன்கள் தோன்றியபோது, அதே கணங்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அருகே வலிய அலைகள் பதிவாகியிருந்தன. அது வீட்டு உபயோக நுண்ணலை அடுப்புகளின் அதிர்வெண். தொடக்கச் சோதனைகளில் அடுப்பைச் சாதாரணமாக இயக்கியபோது ஒன்றும் நிகழவில்லை. அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே, அது தானாக நிற்கும்வரை காத்திராமல் கதவைத் திறந்தபோது பெரிட்டன் தோன்றியது. அடுப்பின் அலையுமிழ் கருவியான மேக்னட்ரான் அணையும் கணத்தில் வெளிப்படும் அலை, திறந்த கதவின் வழியே கசிந்தது. தொலைநோக்கி அதற்கேற்ற கோணத்தில் சாய்ந்திருந்தால் அது பதிவாகும். பகல் நேரக் குவிவுக்கும் விளக்கம் கிடைத்தது; உணவைச் சூடாக்குவோர் விழித்திருக்கும் நேரம் அது.

இச்செய்தி உலகெங்கும் பரவியபோது, வானியலாளர் பதினேழு ஆண்டுகளாக ஓர் அடுப்பைத் துரத்தி ஏமாந்தனர் என்னும் தொனியே மேலோங்கியது. 1998 முதலான பதிவுகளில் பெரிட்டன்கள் இருந்தன என்பது மட்டுமே இதில் உண்மை. அவை கண்டறியப்பட்டு வெளியிடப்பட்ட 2011லேயே பூமியில் எழுந்தவை என வகைப்படுத்தப்பட்டுவிட்டன. 2015இன் ஆய்வு கண்டது அவற்றின் முகவரியை மட்டுமே. அந்த ஆய்வின் நோக்கமும் பரவலாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. விரைவு ரேடியோ வெடிப்புகள் அடுப்பிலிருந்து வந்தவை என்று அக்கட்டுரை கூறவில்லை. இரண்டும் தோன்றும் நேரங்களும் பிரிகை அளவுகளும் வேறுபடுவதைக் காட்டி அவற்றைப் பிரித்து வைத்தது. போலியின் மூலம் துல்லியமாகத் தெரிந்தபின்னரே, மெய்யானது எது என்பதை ஐயத்துக்கு இடமின்றிச் சுட்ட முடிந்தது. இத்துறையின் அடித்தளக் கட்டுரைகளுள் ஒன்றாக இதனை வைப்பதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

தொடர்ந்து மற்றொரு வழியிலும் உறுதி கிடைத்தது. 2017இல் மனிஷா கேலப்பும் பிறரும் ஆஸ்திரேலியாவின் மோலோங்லோ தொலைநோக்கியில் மூன்று வெடிப்புகளைக் கண்டனர். நீண்டு கிடக்கும் அக்கருவியின் அமைப்பே ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு உட்பட்ட எந்த மூலத்தையும் விலக்கிவிடும். அடுப்பு, விமானம் முதலிய அருகிலுள்ள மூலங்கள் அனைத்தும் இத்துடன் விலகின.

மீள்வெடிப்பும் முகவரியும்

2016இன் தொடக்கத்தில் அடுத்தடுத்து வெளியான இரு கட்டுரைகளின் விதி ஒப்பிடத்தக்கது. பிப்ரவரியில் இவான் கீனும் பிறரும் 2015 ஏப்ரல் 18 அன்று தோன்றிய ஒரு வெடிப்பைத் தொடர்ந்து ஆறு நாள் மங்கிய ரேடியோ ஒளியொன்றைக் கண்டு, அதன்வழி ஒரு நீள்வட்ட விண்மீன் மண்டலத்தை மூலமாக அறிவித்தனர். சில நாட்களிலேயே வில்லியம்ஸ், பெர்கர் ஆகிய இருவரும் மறுத்தனர். அம்மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் இயல்பான ஒளிமாற்றமே அது என்றனர். அவ்வொளி பின்னர் மீண்டும் கூடியதால் மறுப்பே வலுப்பெற்றது. மார்ச்சில் வெளியான இரண்டாவது கட்டுரை அரெசிபோவின் 2012 வெடிப்பைப் பற்றியது. மெக்கில் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் பால் ஷோல்ஸ், 2015 மே, ஜூன் மாதத் தரவுகளில் அதே இடத்திலிருந்து, அதே பிரிகை அளவில் மேலும் பத்து வெடிப்புகளைக் கண்டிருந்தார். திரும்பத் திரும்ப வெடிப்பதால் மூலம் ஒவ்வொரு முறையும் அழிந்துவிடுவதில்லை என்பது தெளிவாயிற்று. விண்மீன்கள் மோதி அழிதல், நியூட்ரான் விண்மீன் கருந்துளையாகச் சரிதல் முதலிய விளக்கங்கள் குறைந்தது இம்மூலத்துக்குப் பொருந்தாமற் போயின.

மீண்டும் வெடிக்கும் மூலத்தைக் காத்திருந்து பிடிக்கலாம். ஷாமி சாட்டர்ஜியின் தலைமையில் நியூ மெக்சிகோவின் 27 அலைவாங்கிகள் கொண்ட மிகப்பெரு அணி 2016இல் 83 மணி நேரம் நோக்கி ஒன்பது வெடிப்புகளைப் பதிவுசெய்தது. இடம் துல்லியமானதும் ஸ்ரீஹர்ஷ் டெண்டுல்கரும் பிறரும் அங்கு ஒரு குள்ள விண்மீன் மண்டலத்தைக் கண்டனர். அதன் செம்பெயர்ச்சி 0.193. பிரிகை அளவு பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த பெருந்தொலைவை, அதனைச் சாராத மற்றோர் அளவை 2017இல் உறுதிசெய்தது. தொலைவு குறித்த ஐயம் இங்கு முடிவுற்றது.

அதன்பின் கண்டுபிடிப்புகள் விரைந்தன. கனடாவின் பென்டிக்டன் அருகே நகரும் உறுப்பு ஏதுமின்றி நான்கு அரை உருளைகளால் அமைந்த சைம் தொலைநோக்கி, 2018 ஜூலை முதல் ஓராண்டில் பதிவுசெய்த 536 வெடிப்புகளின் பட்டியலை 2021இல் வெளியிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆஸ்காப் அணி, ஒருமுறை மட்டும் தோன்றிய வெடிப்பொன்றின் இடத்தையும் 2019இல் முதன்முறையாகக் குறித்தது. ஒருகாலத்தில் ஐயத்தின் மையமாக இருந்த பிரிகை அளவே அளவுகோலாகவும் மாறியது. மண்டலங்களுக்கு இடையே மெலிந்து பரவிக் கணக்கில் அகப்படாமலிருந்த சாதாரணப் பருப்பொருளை, ஜான்-பியர் மெக்கார்ட்டும் குழுவினரும் இவ்வெடிப்புகளைக் கொண்டே 2020இல் அளந்தனர். கட்டுரை மே மாதம் வெளிவந்தது. ஜூனில் மெக்கார்ட் காலமானார்.

2020 ஏப்ரல் 28

அவ்வாண்டு ஏப்ரல் 28 அன்று நம் பால்வெளிக்குள்ளேயே, ஏறத்தாழ 30,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள எஸ்ஜிஆர் 1935+2154 என்னும் காந்த விண்மீன் ஒரு வலிய ரேடியோ துடிப்பை உமிழ்ந்தது. சைம் அதனைத் தன் பார்வையின் ஓரத்திலிருந்து கண்டது. கலிஃபோர்னியாவிலும் யூட்டாவிலும் அமைந்த ஸ்டேர்2 என்னும் எளிய மூன்று வாங்கிகளும் அதைக் கண்டன. அவற்றை உருவாக்கியவர் கால்டெக் நிறுவன ஆராய்ச்சி மாணவர் கிறிஸ்டோஃபர் போச்செனெக். ஒவ்வொரு வாங்கியும் உலோகக் குழாயொன்றும் அதனைச் சுற்றிப் பொருத்தப்பட்ட இரண்டு கேக் தட்டுகளும் கொண்டது. சமையலறைப் பொருளால் குழம்பிய துறைக்கு மற்றொரு சமையலறைப் பொருள் கைகொடுத்தது என்பதை இங்குச் சொல்லாமல் விட இயலவில்லை. செயற்கைக்கோள்கள் அதே கணத்தில் எக்ஸ்-கதிர் வெடிப்பையும் பதிவுசெய்தன. ஆற்றலில் இத்துடிப்பு, அதுவரை அறியப்பட்ட மிகமெலிந்த தொலைவெடிப்பைவிட ஏறத்தாழ 40 மடங்கு குறைவு. ஆயினும் பல்சார்களின் வழக்கமான துடிப்புகளுக்கும் தொலைவெடிப்புகளுக்கும் இடையே இருந்த பேரிடைவெளியை அது பெருமளவு நிரப்பியது. குறைந்தது சில வெடிப்புகளையேனும் காந்த விண்மீன்கள் உண்டாக்குகின்றன என்பது நிறுவப்பட்டது.

நார்கெவிக், தார்ன்டன், பெட்ராஃப், ஷோல்ஸ், போச்செனெக் எனத் திருப்புமுனை ஒவ்வொன்றிலும் ஒரு மாணவரின் பெயர் இடம்பெறுகிறது. பழந்தரவைப் பொறுமையாக மீளப் பார்க்கும் பணியும், உறுதியான பலனுக்கு வாய்ப்பில்லாத முயற்சியும் வழக்கமாக அவர்களிடமே ஒப்படைக்கப்படுகின்றன என்பதும் இதற்கொரு காரணம் ஆகலாம். 2023இல் ஷா பரிசு லோரிமர், பெய்ல்ஸ், மெக்லாக்லின் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது.

காந்த விண்மீன் விளக்கம் நிலைபெற்றுவந்த வேளையிலேயே அதற்கொரு சிக்கலும் எழுந்தது. 2020 ஜனவரி 20 அன்று கண்டறியப்பட்ட மீள்வெடிப்பு மூலமொன்றின் இடத்தை ஃபிரான்ஸ் கிர்ஸ்டனும் பிறரும் 2022இல் குறித்தனர். அது ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம்81 மண்டலத்தைச் சேர்ந்த ஒரு கோளக் கொத்தில் இருந்தது. இளம் பெருவிண்மீன் வெடித்துப் பிறக்கும் காந்த விண்மீன் சில ஆயிரம் ஆண்டுகளே வீறுடன் இயங்கும். கோளக் கொத்துகளின் விண்மீன்களோ பல நூறு கோடி ஆண்டு முதுமை உடையவை. அங்குப் பெருவிண்மீன்கள் எப்போதோ அழிந்துவிட்டன. வெண்குள்ளன் விண்மீன் ஒன்று பிறிதொன்றின் பொருளை ஈர்த்துச் சரிந்தோ, நெருங்கிய இரு விண்மீன்கள் இணைந்தோ அங்கு ஒரு காந்த விண்மீன் பிறந்திருக்கலாம் என அக்குழுவினர் முன்மொழிந்துள்ளனர்.